கையால் சாக்ஸ் பின்னுவது எப்படி: ஒரே எண்ணிலிருந்து முழு ஜோடி வரை

தொப்பி, மஃப்ளர் எல்லாம் சரளமாகப் பின்னுகிறவர்கள்கூட சாக்ஸ் என்றால் தயங்குகிறார்கள். குதிகால்தான் பயமுறுத்துகிறது. ஆனால் குதிகால் நாலைந்து வரிகளில் எழுதிவிடக்கூடிய கணக்கு. கவனமெல்லாம் அளவில்தான் இருக்க வேண்டும். காலைக் கவ்விப் பிடிக்காத சாக்ஸ் ஷூவுக்குள் சுருண்டு, உரசி, சீக்கிரம் ஓட்டையாகிவிடும். உங்கள் பாதத்துக்கு எத்தனை கண்ணி என்ற ஒரே ஓர் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், குதிகாலும் விரல்நுனியும் அந்த எண்ணில் பாதி, அதிலும் பாதி என்று தானாகப் பிரிந்து வந்துவிடும். அதனால் முதலில் அந்த எண், அப்புறம் ஒரு சாதாரண சாக்ஸ், அதற்குப் பிறகு டிசைன்கள் என்று போகலாம். நிட் கண்ணி, பர்ல் கண்ணி இரண்டும் போடத் தெரிந்திருந்தால் போதும்.

நூலும் ஊசியும்

சாக்ஸுக்கென்றே விற்கும் நூலை வாங்குங்கள். வழக்கமான கலவை 75% கம்பளி, 25% நைலான். கம்பளி இழுபடும், ஈரத்தை உறிஞ்சும். நைலான் தேய்மானத்தைத் தாங்கும். ‘சூப்பர்வாஷ்’ என்று போட்டிருந்தால் துவைக்கும்போது கம்பளி சுருங்கிக் கெட்டியாகாது. 100 கிராம் கண்டில் சுமார் 400 முதல் 420 மீட்டர் நூல் இருக்கும். சராசரி அளவுப் பாதம் கொண்ட பெரியவர் ஒருவருக்கு ஒரு ஜோடி பின்ன அது போதும். தொட்டால் மேகம் போல இருக்கும் ஒற்றை இழை மெரினோ நூல் கண்ணைக் கவரும்தான், ஆனால் முறுக்கு குறைவாக இருப்பதால் குதிகாலில் தாங்காது. அதைச் சால்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு இழையை இறுக்கி முறுக்கிய நூலே சாக்ஸுக்கு ஏற்றது.

பருத்தி நூலுக்குக் கம்பளியின் மீள்தன்மை கிடையாது. அதில் பின்ன வேண்டுமென்றால் எலாஸ்டிக் கலந்த பருத்தி நூலாகப் பாருங்கள்.

ஊசி 2.25 முதல் 2.75 மி.மீ. வரை. அதே நூலில் ஸ்வெட்டர் பின்னினால் இன்னும் தடித்த ஊசி எடுப்போம். சாக்ஸுக்கு வேண்டுமென்றே மெல்லிய ஊசி. துணி நெருக்கமாக இருந்தால்தான் உழைக்கும்.

வட்டமாகப் பின்ன மூன்று வழி உண்டு. இருமுனை ஊசிகள் ஐந்து கொண்ட செட்டில் நாலு ஊசிகளில் கண்ணிகள் இருக்கும், ஐந்தாவது ஊசியால் பின்னுவோம். 80 அல்லது 100 செ.மீ. நீள வட்ட ஊசியின் கேபிளை நடுவில் வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னுவதற்கு மேஜிக் லூப் என்று பெயர். மூன்றாவது, 23 செ.மீ. நீளமே உள்ள குட்டி வட்ட ஊசி. அதில் சுற்றிச் சுற்றி நிற்காமல் போகலாம், ஆனால் விரல்கள் சீக்கிரம் வலிக்கும். விரல்நுனி பின்ன எப்படியும் வேறு ஊசிக்கு மாற வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் மேஜிக் லூப்பையே சொல்வேன். ஊசி கண்ணியிலிருந்து நழுவி விழும் பயம் இல்லை, பாதத்தின் மேல்பக்கம் ஒரு பாதி, அடிப்பக்கம் ஒரு பாதி என்று கண்ணிகள் தெளிவாகப் பிரிந்தும் நிற்கும்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது

விரல்களுக்குக் கீழே பாதம் அகலமாக இருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாக்ஸ் இதைவிடச் சுமார் 10% சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் இழுபட்டுக் காலோடு ஒட்டி நிற்கும். ஆக, 20 செ.மீ.

அடுத்து மாதிரித் துண்டு. இதைத் தட்டையாகப் பின்னி அளக்காதீர்கள். பலருக்கு பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக விழும். சாக்ஸோ குதிகால் தவிர வட்டமாகப் பின்னப்படுவது, அதில் பர்ல் வரிசையே வராது. வட்டமாகவே ஒரு சிறு குழாய் பின்னி, நனைத்துக் காயவைத்து, பிறகு எண்ணுங்கள். 10 செ.மீட்டருக்கு 32 கண்ணி வந்தால் 20 செ.மீட்டருக்கு 64. இதுதான் உங்கள் எண். நாலால் வகுபடும்படி அருகிலுள்ள எண்ணுக்கு நகர்த்திக்கொள்ளலாம். எட்டாலும் வகுபட்டால் இன்னும் நல்லது, பின்னால் டிசைன் போடும்போது தெரியும்.

10 செ.மீட்டருக்கு 28 கண்ணிக்கும் கீழே போனால் கண்ணியைக் குறைத்துச் சமாளிக்காமல் ஊசியைச் சின்னதாக்குங்கள்.

பாதத்தின் நீளத்தையும் அளந்து அதில் 1 செ.மீ. கழித்துக் குறித்துவையுங்கள். பாதத்தின் மேல்பகுதி மேடாக இருப்பவர்கள் அதையும் மனதில் வையுங்கள், குதிகாலில் ஒரு சின்ன மாற்றம் செய்வோம். கீழே எல்லாக் கணக்கும் 64 கண்ணிக்கு.

மேலிருந்து கீழாக ஒரு சாதாரண சாக்ஸ்

64 கண்ணிகளை ஏற்றிக்கொள்ளுங்கள். நீண்ட நூல் வால் விட்டு ஏற்றும் நீளவால் முறை போதும். கை இறுக்கமாக விழுகிறவர்கள் பழைய நார்வே முறையைப் பழகலாம், அந்த விளிம்பு அதிகம் இழுபடும். இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் ஏற்றுவதைவிட, கண்ணிகளுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி விட்டு ஏற்றுவதே சரி. விளிம்புக்கு நீட்சி அந்த இடைவெளியில்தான் கிடைக்கிறது. வட்டமாகச் சேர்க்கும் முன் எல்லாக் கண்ணிகளின் அடியும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். முறுக்கிக்கொண்ட வட்டத்தைப் பிற்பாடு சரிசெய்ய முடியாது, பிரிக்கத்தான் வேண்டும்.

மேல்பட்டைக்கு 2 நிட், 2 பர்ல் என்று ரிப் போட்டு 4 செ.மீ. அதன்பிறகு கணுக்கால் நோக்கி வெறும் நிட். மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. வந்ததும் குதிகால்.

*குதிகால் மடல்.* பாதிக் கண்ணிகளில், அதாவது 32-இல் மட்டும் முன்னும் பின்னுமாகத் தட்டையாகப் பின்ன வேண்டும். மற்ற 32 கண்ணிகள் பாதத்தின் மேல்பக்கத்துக்காகக் காத்திருக்கும். வெளிப்பக்க வரிசையில் ஒரு கண்ணியைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றி, அடுத்ததை நிட் போடுங்கள். இதையே கடைசி வரை. உள்பக்க வரிசையில் முதல் கண்ணியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் பர்ல். இந்த இரண்டு வரிசைகளையும் மாறி மாறிப் போட்டு மொத்தம் 32 வரிசை. பின்னாமல் மாற்றிய கண்ணிகளுக்குப் பின்னால் நூல் ஓடுவதால் துணி இரட்டைத் தடிமனாகிறது. ஷூ உரசும் இடத்துக்கு அது வேண்டும். மடலின் இரண்டு ஓரங்களிலும் சங்கிலி போல 16 பெரிய கண்ணிகள் தெரியும். மேடான பாதம் என்றால் 36 வரிசை பின்னுங்கள், ஓரத்தில் 18 கிடைக்கும். நான் சொன்ன சின்ன மாற்றம் அவ்வளவுதான்.

*குதிகால் திருப்பம்.* மடல் நேராகக் கீழே தொங்குகிறது, அதை உள்ளங்காலுக்குக் கீழே வளைத்துக் கொண்டுபோக வேண்டும். வரிசையை முடிக்காமல் பாதியிலேயே திருப்பித் திருப்பிப் பின்னினால் நடுப்பகுதி மட்டும் வளர்ந்து கிண்ணமாகக் குழியும். இதற்கு இரண்டு குறைப்புகள் தேவை. இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுவது ஒன்று. இன்னொன்று எஸ்எஸ்கே: இரண்டு கண்ணிகளையும் நிட் போடுவது போல ஊசி நுழைத்து ஒவ்வொன்றாக மாற்றி, பிறகு இரண்டையும் பின்வழியாகச் சேர்த்து நிட். இது இடப்பக்கம் சாயும்.

முதல் வரிசை, வெளிப்பக்கம்: 1 மாற்றி, 17 நிட், எஸ்எஸ்கே, 1 நிட். திருப்புங்கள். 11 கண்ணிகள் பின்னாமல் நிற்கும்.

இரண்டாம் வரிசை, உள்பக்கம்: 1 மாற்றி, 5 பர்ல், இரண்டைச் சேர்த்து பர்ல், 1 பர்ல். திருப்புங்கள். இந்தப் பக்கமும் 11 நிற்கும்.

மூன்றாம் வரிசை: 1 மாற்றி, 6 நிட், எஸ்எஸ்கே, 1 நிட், திருப்பு.

நான்காம் வரிசை: 1 மாற்றி, 7 பர்ல், இரண்டைச் சேர்த்து பர்ல், 1 பர்ல், திருப்பு.

இப்படியே ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் ஒரு கண்ணி கூடிக்கொண்டே போகும். எண்ணத் தேவையில்லை. முந்தைய வரிசையில் திருப்பிய இடத்தில் ஓர் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒரு கண்ணி, அந்தப் பக்கம் ஒரு கண்ணி, இரண்டையும் சேர்ப்பதுதான் குறைப்பு. கடைசி இரண்டு வரிசைகளும் குறைப்போடு முடிந்துவிடும், அதற்கப்புறம் போட ஒரு கண்ணி மிச்சமிருக்காது. 14 வரிசை முடிந்ததும் ஊசியில் 18 கண்ணிகள். முதல் முறை கையில் அந்தக் குழிவு உருவாவதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் பின்னலில் வேறு எங்கும் கிடைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

*கஸட்.* குதிகாலையும் பாதத்தின் மேல்பக்கத்தையும் இணைக்கும் முக்கோணப் பகுதி இது. 18 கண்ணிகளையும் நிட் போட்டுவிட்டு, மடலின் இடது ஓரத்தில் உள்ள 16 சங்கிலிக் கண்ணிகளிலிருந்தும் புதிதாக எடுங்கள். மடலும் மேல்பக்கமும் சந்திக்கும் மூலையில் கூடுதலாக ஒன்று. அந்த ஒன்றை விட்டால் மூலையில் ஓட்டை தெரியும். காத்திருந்த 32 கண்ணிகளைப் பின்னி, மறு ஓரத்திலும் மூலையில் ஒன்று, ஓரத்தில் 16. பிறகு குதிகால் கண்ணிகளில் பாதியை, அதாவது 9-ஐப் பின்னி நிறுத்துங்கள். இனி சுற்று தொடங்குவது அங்கே, குதிகாலின் நடுவில். மொத்தம் 18, 17, 32, 17, ஆக 84.

இதை 64-க்குக் கொண்டுவர வேண்டும். மேல்பக்கக் கண்ணிகளுக்கு முன்னால் 3 கண்ணிகள் மீதம் இருக்கும்போது இரண்டைச் சேர்த்து நிட், 1 நிட். மேல்பக்க 32-ஐயும் அப்படியே பின்னி, அது முடிந்ததும் 1 நிட், எஸ்எஸ்கே. ஒரு சுற்றில் இரண்டு குறையும். அடுத்த சுற்று குறைப்பில்லாமல். பத்துக் குறைப்புச் சுற்றுகள் போட்டால் 64.

*பாதமும் விரல்நுனியும்.* குறித்துவைத்த நீளத்தில் 5 செ.மீ. குறைவாக வரும்வரை நேராகப் பின்னுங்கள். சாக்ஸில் நிம்மதியான பகுதி இதுதான், பேசிக்கொண்டே பின்னலாம். அப்புறம் மேல்பக்கம் 32, அடிப்பக்கம் 32 என்று பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் 1 நிட், எஸ்எஸ்கே, கடைசி 3 வரை நிட், இரண்டைச் சேர்த்து நிட், 1 நிட். சுற்றுக்கு நாலு குறையும். ஒன்று விட்டு ஒரு சுற்றாக எட்டு முறை குறைத்தால் 32 கண்ணி, பிறகு எல்லாச் சுற்றிலும் நாலு முறை குறைத்தால் 16. மேலே 8, கீழே 8.

*கிச்சனர் தையல்.* இந்த 16 கண்ணிகளையும் தையல் தடிப்பு தெரியாமல் ஊசிநூலால் இணைப்பது. நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியில் கோத்து, இரண்டு பின்னல் ஊசிகளையும் இணையாகப் பிடியுங்கள். தொடக்கமாக முன் ஊசியின் முதல் கண்ணியில் பர்ல் போல நுழைத்து விடுங்கள், பின் ஊசியின் முதல் கண்ணியில் நிட் போல நுழைத்து விடுங்கள். இனி கடைசி வரை திரும்பத் திரும்ப ஒன்றேதான். முன் ஊசி: நிட் போல நுழைத்துக் கழற்று, அடுத்ததில் பர்ல் போல நுழைத்து விடு. பின் ஊசி: பர்ல் போல நுழைத்துக் கழற்று, அடுத்ததில் நிட் போல நுழைத்து விடு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் வரிசை தவறாது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் போர்வீரர்களுக்காக வீடு வீடாக சாக்ஸ் பின்னினார்கள். நாள்கணக்கில் ஈரப் பதுங்குகுழியில் நிற்கும் காலுக்கு உலர்ந்த சாக்ஸ் கிடைப்பது பாதத்தைக் காப்பாற்றும் விஷயம். அன்றைய பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் பெயர்தான் இந்தத் தையலுக்கு. அவரே கண்டுபிடித்தார் என்று சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் இல்லை.

விரலிலிருந்து மேல்நோக்கி

இதையே தலைகீழாகவும் பின்னலாம். நூல் போதுமா என்ற சந்தேகம் இருக்கும்போது இந்த வழிதான் நல்லது: பாதம் முடிந்த பிறகு நூல் தீரும்வரை மேலே ஏறிக்கொண்டே போகலாம், நடுநடுவே காலில் போட்டும் பார்க்கலாம். தொடக்கத்துக்கு ஜூடி பெக்கர் 2006-இல் வெளியிட்ட கண்ணி ஏற்றும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு ஊசிகளில் ஒரே நேரத்தில் கண்ணி ஏறும், நடுவில் தையல் தடமே இருக்காது, கிச்சனரும் தேவையில்லை. ஊசிக்கு 12 வீதம் 24 கண்ணி ஏற்றி, ஒன்று விட்டு ஒரு சுற்றில் நாலு நாலாகக் கூட்டினால் பத்து முறையில் 64.

கவனிக்க வேண்டிய இடம் முடிவு. சாதாரணமாக அடைத்தால் மேல் விளிம்பு குதிகாலைத் தாண்டவே தாண்டாது. ஜெனி ஸ்டெய்மன் 2009-இல் வெளியிட்ட அடைப்பு முறையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னால் நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றி, கண்ணியைப் பின்னியதும் அந்தச் சுற்றை அதன்மேல் தாண்டவிட்டு, அதன்பின் வழக்கம்போல அடைப்போம். எவ்வளவு இழுத்தாலும் கொடுக்கும்.

வேறு குதிகால்கள்

மடல் குதிகால்தான் பெரும்பாலான பாதங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது, முதலில் அதைக் கற்பதே நல்லது. ஆனால் தானே கோடு போடும் நூலில் பின்னும்போது கஸட் பகுதியில் கண்ணி கூடுவதால் கோடுகள் மெலிந்து குலையும். அப்போது குறுவரிசைக் குதிகால் அழகு. 32 கண்ணிகளை 11, 10, 11 என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையிலும் முந்தையதைவிட ஒரு கண்ணி முன்னதாகத் திருப்பி, நடுவில் 10 மிஞ்சும்வரை போக வேண்டும். திருப்பியதும் நூலை முன்னால் வைத்து முதல் கண்ணியை மாற்றி, நூலை ஊசிக்கு மேலாகப் பின்னுக்கு இழுங்கள். கண்ணி இரட்டைக் கால் போலத் தெரியும். இது ஜெர்மன் முறை. பிற்பாடு அந்த இரண்டு காலையும் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் ஓட்டை விழாது. நடுப்பகுதி வந்ததும் எல்லாக் கண்ணிகளிலும் இரண்டு சுற்று பின்னி, பிறகு நடுவிலிருந்து வெளியே ஒவ்வொரு கண்ணியாக விரித்துக்கொண்டே வாருங்கள். மேடான பாதத்துக்கு இது இறுக்கும்; பாதிக்குப் பதில் 60% கண்ணிகளில் குதிகாலைப் போட்டால் சரியாகும்.

பின்னால் சேர்க்கும் குதிகால் இன்னொன்று. அமெரிக்காவில் பின்னலைப் பரப்பிய எலிசபெத் சிம்மர்மேன் பிரபலப்படுத்திய யோசனை. குதிகால் வர வேண்டிய இடத்தில் 32 கண்ணிகளை வேறு நிற நூல் துண்டால் பின்னி, அவற்றை இடது ஊசிக்கே திருப்பி மாற்றி, சொந்த நூலால் மறுபடி பின்னிக்கொண்டு நேராகப் போய்விடுங்கள். கடைசியில் அந்தத் துண்டை உருவினால் மேலே 32, கீழே 32 கண்ணிகள் திறந்து நிற்கும். மூலைக்கு ஒன்றிரண்டு கூட்டி எடுத்து, விரல்நுனி போலவே குறைத்து மூடலாம். தேய்ந்தால் அந்தக் குதிகாலை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னலாம் என்பது பெரிய வசதி.

குழந்தைகளுக்குக் குதிகாலே வேண்டாம். 4 நிட், 4 பர்ல் ரிப் போட்டு, நாலு சுற்றுக்கு ஒரு முறை ரிப்பை ஒரு கண்ணி தள்ளித் தொடங்குங்கள். திருகித் திருகிப் போகும் குழாய் எந்தப் பக்கமும் வளைந்து கொடுக்கும், கால் வளர வளரக் குதிகாலும் இடம் மாறிக்கொள்ளும்.

டிசைன்கள்

எந்த டிசைனானாலும் ஒரு விதி: கணுக்கால் சுற்றிலும் போடலாம், பாதத்தில் மேல்பக்கம் மட்டும். அடிப்பக்கம் வழவழவென்று நிட்டாகவே இருக்கட்டும். உள்ளங்காலில் ஒரு சின்ன முடிச்சு இருந்தாலும் நடக்கும்போது உறுத்தும்.

சுலபமானது உடைந்த ரிப். ஒரு சுற்று முழுவதும் நிட், மறு சுற்று 1 நிட் 1 பர்ல். பல நிறம் தெளித்த நூலில் இது நிறங்களைக் கலந்துவிடும், திட்டுத்திட்டாகத் தேங்காது.

துளை டிசைனுக்கு எட்டுக் கண்ணி அலை ஒன்று சொல்கிறேன். முதல் சுற்று: 1 நிட், நூல் சுற்று, 2 நிட், நடுக்குறைப்பு, 2 நிட், நூல் சுற்று, இதையே திரும்பத் திரும்ப. இரண்டாம் சுற்று முழுவதும் நிட். நூல் சுற்று என்பது நூலை ஊசியில் ஒரு முறை சுற்றிக்கொள்வது, அதுதான் துளையாகும். நடுக்குறைப்பு என்பது இரண்டு கண்ணிகளைச் சேர்த்து நிட் போல மாற்றி, அடுத்ததை நிட் போட்டு, மாற்றிய இரண்டையும் அதன்மேல் தாண்டவிடுவது. 64-இல் இது எட்டு முறை வரும். மேல்பக்க 32-இல் நாலு முறை. அடிப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணியைக் கடன் வாங்கி 33 ஆக்கி கடைசியில் 1 நிட் போட்டால் இருபக்கமும் ஒரே மாதிரி முடியும்.

கண்ணிகளை இடம் மாற்றிக் குறுக்கே பின்னும் கேபிள் டிசைன் துணியைச் சுருக்கும். ஒவ்வொரு நாலு கண்ணிக் கேபிளுக்கும் ஒன்று அல்லது இரண்டு கண்ணி கூட்டிக்கொள்ளுங்கள், குதிகாலுக்கு முன் அவற்றைக் குறைத்துவிடலாம்.

அதிகக் கவனம் கேட்பது இரண்டு நிற வேலை. உள்பக்கம் ஓடும் நூல் இழுபடாது, அதனால் சாக்ஸும் இழுபடாது. குதிகாலைத் தாண்டும் இடத்தில் அப்படியே சிக்கி நிற்கும். ஊசியை 0.25 மி.மீ. பெரிதாக்கலாம், அல்லது 72 கண்ணிக்குப் போகலாம். ஒரே நிறம் ஐந்து கண்ணிக்கு மேல் தொடர்ந்தால் மற்ற நூலை நடுவில் ஒரு முறை பின்னிப் பிடியுங்கள், இல்லையென்றால் போடும்போது விரல் மாட்டும். உள்பக்கம் வெளியே இருக்கும்படி சாக்ஸைத் திருப்பி வைத்துப் பின்னுவது நல்ல உத்தி: நூல் வெளி வளைவில் ஓடுவதால் தானாகவே கொஞ்சம் நீளமாக விழும். முன்னால் தெரிய வேண்டிய நிறத்தின் நூலை எப்போதும் அடியிலிருந்தே கொண்டுவாருங்கள். நடுவில் மாற்றினால் டிசைன் அந்த இடத்தில் மங்கிப்போகும்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

ஊசிகள் சந்திக்கும் இடத்தில் ஏணி போலத் தளர்வு விழுகிறதா? முதல் கண்ணியை இறுக்குவதைவிட இரண்டாவது கண்ணியைப் பின்னும்போது நூலை இழுப்பதுதான் வேலை செய்யும். இருமுனை ஊசி என்றால் சந்திக்கும் இடத்தைச் சுற்றுக்கு ஒரு கண்ணி நகர்த்தலாம்.

ஒரு சாக்ஸ் முடிந்ததும் இரண்டாவதைத் தொடங்க மனம் வராமல் போவது பலருக்கும் நடக்கிறது. மேஜிக் லூப்பில் இரண்டு நூல் உருண்டையிலிருந்து இரண்டு சாக்ஸையும் பக்கம் பக்கமாக வைத்துப் பின்னினால் இரண்டும் ஒன்றாக முடியும், அளவும் பிசகாது. தனித்தனியாகப் பின்னுகிறவர்கள் ரிப்பில் எத்தனை சுற்று, குதிகாலுக்கு முன் எத்தனை, பாதத்தில் எத்தனை என்று எழுதிவையுங்கள். டேப்பை நம்ப வேண்டாம், சுற்றை எண்ணுங்கள்.

துவைப்பதும் ஒட்டுப் போடுவதும்

சூப்பர்வாஷ் நூலானாலும் குளிர்ந்த நீரே நல்லது. துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் பரப்பிக் காயவையுங்கள். மாதம் ஒரு முறை சாக்ஸை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். குதிகாலிலோ கட்டைவிரல் நுனியிலோ துணி மெலிந்து வெளிச்சம் தெரிந்தால் அப்போதே வேலையைத் தொடங்கலாம். மிச்சம் வைத்திருக்கும் அதே நூலை ஊசியில் கோத்து, பின்னிய கண்ணிகளின் வழியிலேயே இரண்டாவது முறை ஓட்டினால் தேய்ந்த இடம் மறுபடி தடிக்கும். ஓட்டையே விழுந்துவிட்டால் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல துணியிலிருந்து ஆரம்பித்து, நெடுக்காக நூல் ஓட்டி, அதன் குறுக்கே மேலும் கீழுமாக நெய்யுங்கள். நூலை இறுக்கி இழுக்காதீர்கள். துணி தட்டையாக இருந்தால்தான் ஷூவுக்குள் உறுத்தாது.